ஓட்டு கேட்டு வந்த ஈட்டிக்காரர்

எவ்வளவு இரைச்சலிலும் என் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கும் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு முதல் மழை பெய்துவிட்டது. ‘ஈட்டிக்காரருக்கே உங்கள் ஓட்டு’ என்று மாமா எழுதிய சுவர்களில் சுண்ணாம்பு கரைந்து வழிகிறது.

சிதம்பரத்தில் படித்தபோது ஈட்டி எறிந்து மாகாணத்திலேயே முதலாவதாக வந்தீர்கள். அன்றிலிருந்து நம் குப்பத்தில் உங்களுக்கு அதுதான் பெயர். நகராட்சித் தேர்தலில் ஜெயித்ததும் அந்தப் பெயரால்தான். சட்டசபைக்கு நின்றபோது, “மச்சான், உன் சொந்தப் பேரு யாருக்குத் தெரியும்? ஈட்டிக்காரருன்னா கொழந்தகூட சொல்லும்” என்று மாமா தூரிகையை எடுத்தார்.

மேற்கே கரும்பு விளையும் ஊர்களில் ஈட்டிக்காரன் என்றால் கடன் வாங்கியவர் வாசலில் தடியோடு நிற்கும் வட்டிக்காரன். நம்மில் ஒருவருக்கும் அது ஏன் தோன்றவில்லை?

அங்கே ‘ஈட்டிக்காரர் வருகிறார்’ என்று ஒலிபெருக்கி அலற, உங்களோடு ஜீப்பில் வந்தேனே, நினைவிருக்கிறதா?

“அடியே, ஈட்டிக்காரன் வந்துட்டான்! கதவச் சாத்து!”

“யம்மா, நான் ஓட்டு கேக்க வந்தவன். வட்டி கேக்க வர்ல.”

“மொதல்ல அப்பிடித்தான் நைசா பேசுவீங்க! வூட்டுக்காரரு ஊர்ல இல்ல, போங்க!”

நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அடுத்த தெருவிலும் கதவுகளைச் சாத்தியபோது நீங்கள் சிரிக்கவில்லை.

ஜெயித்தால் குப்பத்துப் பள்ளிக்கு ஒன்பதாம் வகுப்பு கொண்டுவருவேன், முதலில் உட்காரப் போவது நீதான் என்றீர்கள். தோற்றீர்கள். மறுமாதமே மஞ்சள் காமாலை வந்தது. கசப்பு மருந்தைக் குடித்துவிட்டு, “அடுத்த தடவ பாத்துக்கலாம்மா” என்றீர்கள். அந்த அடுத்த தடவையை இனி யாரிடம் கேட்பது?

ஜெயித்தவர் இந்தப் பக்கமே வரவில்லை. உங்கள் கட்சிக்காரர்கள் வந்தார்கள், இரங்கல் கூட்டத்தில் வைக்க உங்கள் போட்டோ கேட்டு. மாமா வாசலோடு நின்றுவிட்டுப் போகிறார். அம்மா அவரிடம் பேசுவதில்லை.

“எட்டாவதோட போதும். டவுனுக்கு உன்ன யாரு கூட்டிப்போயி கூட்டியாறது?” என்கிறாள் அம்மா. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்ள நான்தான். அவள் சொல்வதில் தவறு கண்டுபிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

பரீட்சை நாள் வரை ஒருநாளும் பள்ளிக்குப் போகாமல் இருக்க மாட்டேன், அப்பா. இது சத்தியம். அதற்கு மேல் எதையும் உங்களுக்குச் சத்தியம் செய்ய என்னிடம் இல்லை.

உங்கள் மூத்த மகள்,
செல்வராணி