பெயர் எழுதிய பைகள்

அக்கா,

இன்று காலை ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷன் பக்கத்து பேக்கரியில் பன் வாங்கினேன். பழுப்புக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். சூட்டில் அந்தக் காகிதம் விட்ட மணம் உங்கள் பள்ளிக் கேன்டீனின் மணம். ரயிலில் பையைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நான் பள்ளி அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், சாப்பாடு கொண்டுவராத பிள்ளைகளை உங்களிடம் அனுப்புவது என் வேலை. அவர்களுக்கு இலவசமாக ஒரு சீஸ் சாண்ட்விச் உண்டு. காசு கட்டி ஆர்டர் செய்தவர்களின் பையில் பெயரும் வகுப்பும் இருக்கும். இலவசப் பையில் எதுவும் எழுதியிருக்காது. கையில் வாங்கினாலே மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் அந்தப் பைகளிலும் பெயர் எழுதி, வகுப்புக்குப் போகும் சாப்பாட்டுக் கூடையின் நடுவில் செருகிவிடுவீர்கள்.

ஊரில் நான் சத்துணவுக்குத் தட்டு கொண்டுபோன கதையை ஒருநாள் சொன்னேன். புத்தகப் பைக்குள் அது சத்தம் போடும், துணியில் சுற்றிக் கொண்டுபோவேன் என்றேன்.

"உம்மட தட்டு கத்தினது. இந்தப் பை கத்தாது, அவ்வளவுதான் வித்தியாசம். பேனையைத் தாரும்" என்றீர்கள்.

"உங்க கையெழுத்து கத்துதே அக்கா. டாக்டர் கிறுக்கின மாதிரி இருக்கு."

"ஓம், பிள்ளைக்கு விளங்கினாப் போதும்."

நீங்கள் பள்ளியை விட்டுப் போன பிறகு கேன்டீனை ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. இப்போது ஆர்டர் எல்லாம் ஃபோன் ஆப்பில். பணம் கட்டினால்தான் பெயர் அச்சான ஸ்டிக்கர் வரும். இலவச சாண்ட்விச் இன்னும் உண்டு, வெறும் பையில். முதலில் சிலர் வந்தார்கள், பிறகு குறைந்தார்கள். உங்களைப் போல நானும் பெயர் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பையைத் திருப்பித் தந்துவிட்டாள். "இட்ஸ் ஓகே மிஸ், ஐம் நாட் ஹங்ரி" என்றாள். இத்தனை ஸ்டிக்கர்களுக்கு நடுவே பேனா எழுத்துதான் இப்போது காட்டிக்கொடுக்கிறது.

இந்த டெர்மில் ஒருவரும் கேட்டு வரவில்லை. எத்தனை பிள்ளைகள் வீட்டில் கஷ்டத்தோடு இருக்கிறார்கள் என்பதற்கு எங்கள் பள்ளியில் அந்தச் சாண்ட்விச் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். நேற்றுக் கூட்டத்தில் பிரின்சிபல், யாருக்கும் தேவைப்படவில்லை, நல்ல செய்தி என்றார். அடுத்த ஆண்டு அதற்குப் பணம் ஒதுக்கப்போவதில்லை. பிள்ளைகள் வெட்கப்பட்டுத்தான் வருவதில்லை என்று சொன்னேன். குறித்துக்கொள்கிறோம் என்றார்கள். பிறகு கார் பார்க்கிங் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

மதிய மணி அடித்ததும் அந்தச் சிறுமி தண்ணீர்க் குழாய்க்குப் போகிறாள். நிறையக் குடிக்கிறாள். சாப்பிட்டு முடித்தவள் போல வாயைத் துடைத்துக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்துகொள்கிறாள். யார் சாப்பிடவில்லை என்று பார்த்ததும் தெரிந்துவிடுவது, உங்களோடு நின்று எனக்கு வந்த பழக்கம். அது மட்டும் என்னிடம் இருக்கிறது, அக்கா. ஆனால் அதைக்கொண்டு அவள் வயிறு நிறைவதில்லை.