ஒன்பதாம் துறைமுகத்தில் என் அண்ணன்

நேற்று அலுவலகத்துக்கு வந்த பொட்டலத்தைப் பிரித்தபோது புதுப் புத்தகத்தின் பசை வாடை மேசையெங்கும் பரவியது. 'ஒன்பதாம் துறைமுகம்', ஐந்து நாவல்களும் ஒரே பெட்டியில். அட்டையில் உன் பெயர் தங்க எழுத்தில் மின்னியது. நீ செத்துப்போய் ஏழு மாதம் ஆகிறது. அதற்குள் பதிப்பாளருக்கு உன்மேல் இத்தனை பக்தி. பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்து, "உங்க சிநேகிதிதானே" என்று என்னிடம் உச்சுக்கொட்டினார்கள். நான் ஐந்தாவது புத்தகத்தை எடுத்துப் பதினோராம் அத்தியாயத்தைத் திறந்தேன். ஒரு சொல் குறையாமல் அப்படியே இருந்தது.

அதனால்தான் இந்த மடல். உனக்கு அஞ்சலி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அந்த வரிசையில் நிற்கவில்லை.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அட்டையில் என் பெயர் வேண்டாம் என்றது நான்தான். அதில் எனக்குக் குறை இல்லை. நீ சென்னையில் அந்தத் தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தாய். வானத்தில் ஒரு துறைமுகம், கிரகங்களிலிருந்து வந்து நிற்கும் கப்பல்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே உட்கார்ந்து பார்த்தது. திடீரென்று தொடரை நிறுத்தினார்கள். மிச்சக் கதையை நாவல்களாகக் கொண்டுவரலாம் என்று ஒரு பதிப்பாளர் வந்தார். உனக்கு வசனம் வரும், உரைநடை வராது. எனக்குப் போன் செய்தாய்.

"ஏளா, வானத்துல இருந்தா என்ன, துறைமுகம் துறைமுகந்தான? நீ தெனமும் பாக்குததை எழுது. பேரை மட்டும் நான் மாத்திக்கிடுதேன்."

நான் கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறவள். எந்தக் கப்பல் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கிறது, எதற்கு எப்போது கரையோரம் கட்ட இடம் கிடைக்கும், நோய் கண்ட கப்பல் எந்தக் கொடியை ஏற்றும், இதெல்லாம் எனக்கு அன்றாடப் பேச்சு. அவ்வளவையும் உன் வானத்துக்கு ஏற்றினேன். நீ ஒரே ஒரு விதிதான் சொன்னாய்: "தொடர்ல செத்தவன் புத்தகத்துல எந்திரிச்சு வரக்கூடாது. பாக்குதவங்க நம்மள நம்ப மாட்டாங்க." எவ்வளவு கண்டிப்பாக இருந்தாய். தொடரில் செத்துப்போன ஒரு மாலுமியின் குரலை இரண்டாம் நாவலில் நான் ஒலிப்பதிவாகக் கொண்டுவந்ததைக்கூட அடித்துவிட்டாய்.

நான்காம் நாவல் முடிந்த வருஷம் பொங்கலுக்கு ஊருக்கு வந்தாய். உங்கள் வீட்டு மாடியில், நல்ல வெயிலில், பதினெட்டு வருஷம் யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொன்னேன்.

கல்லூரி நாளில் நீ முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நடந்தது அது. அண்ணன் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போகிறவன். இரண்டு நாளாகக் காதுவலி. அம்மா எண்ணெய் காய்ச்சிக் காதில் விட்டு, இன்றைக்குக் கடலுக்குப் போகாதே என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தாள். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அதில் அவன் காதில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். நீ பெரிய கடைக்காரர் வீட்டுப் பெண். நீ வரும்போது அவன் அந்தக் கோலத்தில் கிடப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. "காது வலின்னு கட்டில்ல கெடந்தா கடல் வீட்டுக்கா வரும்?" என்றேன். அவன் எழுந்து போனான். நீ வந்தாய், சாப்பிட்டாய், மீன்குழம்பு நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாய். அவன் அன்று இரண்டாவது முறை மூழ்கியபோது மேலே வரவில்லை.

காதுவலியோடு ஏன் போனான் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். வருஷக்கணக்கில். எனக்குத் தெரியாது என்றே சொல்லிவந்தேன்.

இதைக் கேட்டு நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அந்த அழுகையை நான் நம்பினேன்.

ஐந்தாம் நாவலை நான் முடித்து அனுப்பினேன். அச்சாகி வந்தபோது அதில் பதினோராவதாக நான் எழுதாத ஓர் அத்தியாயம் இருந்தது. ஒன்பதாம் துறைமுகத்தில் ஒரு தொழிலாளி. கப்பலின் அடிப்புறத்தைச் சுரண்ட, காற்றில்லாத வெளியில் இறங்குகிறவன். வெளியில் இருக்கும்போது கப்பலிலிருந்து வரும் பேச்சைக் கேட்க அவன் மாட்டும் செவிக்கருவி பழுது. வசதியானவர்கள் வாழும் மேல்தளத்திலிருந்து தங்கைக்கு விருந்தாளி வருகிறாள். "செவிக்கருவி கெட்டுப்போச்சுன்னு படுத்துக் கிடந்தா கப்பல் வீட்டுக்கா வரும்?" என்கிறாள் தங்கை.

நான் அதைப் படிப்பதற்கு முன்பே அம்மா படித்துவிட்டாள். 'எம் மவ எழுதுனது' என்று ஒவ்வொரு புத்தகத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் படிப்பவள் அவள். நான் வேலை முடிந்து வந்தபோது புத்தகத்தை அந்தப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"இது நீ எழுதுனதா?"

"இல்லம்மா. அவ எழுதுனது. சும்மா கற்பனை."

அம்மா புத்தகத்தை மூடி வைத்தாள். அதற்குப் பிறகு, ஏன் போனான் என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள். அந்தக் கேள்வி நின்றுபோன வீட்டில் இருப்பது எப்படி என்று உனக்குத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து மாப்பிள்ளையூரணியில் உன் மாமாவின் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு நீ வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தேன். கொல்லைப்புறம் தண்ணீர்த் தொட்டியருகே உன்னைக் கூட்டிப் போய்க் கேட்டேன். நீ பதறவில்லை. நான் கோபப்படுவதுதான் உனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"கடைசி வரைக்கும் படிச்சியா இல்லியா? அவன் உசுரோட திரும்பி வாரான்ளா. தங்கச்சியை மன்னிக்கான். உனக்காகத்தான் அப்படி எழுதுனேன்."

தொடரில் செத்த ஒரு மாலுமியின் குரலைக்கூட அனுமதிக்காதவள் நீ. என்னைக் கேட்காமல் என் அண்ணனை எழுப்பி, அவன் வாயால் என்னை மன்னிக்க வைத்திருந்தாய்.

"எங்க அண்ணன் மன்னிச்சான்னு சொல்லுததுக்கு நீ யாரு?" என்று கேட்டேன். அடுத்த பதிப்பில் எடுத்துவிடுகிறேன் என்றாய். அடுத்த பதிப்பு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஆறு வருஷம் நாம் பேசவில்லை.

நோய் முற்றி, உன்னை ஊருக்கே கொண்டுவந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஒரே ஒருமுறை மருத்துவமனைக்கு வந்தேன். பாதியாகியிருந்தாய். ஆறாம் நாவலை நான் எழுதித் தர வேண்டும், தொடரில் பாதியில் நிற்கும் தலைவியைக் கரைசேர்க்க வேண்டும் என்றாய். பதினோராம் அத்தியாயத்தை எடுப்பாயா என்று கேட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய்.

"எல்லாரும் அதைப் பத்தித்தான் கடிதாசி போடுதாங்க. அதை எடுத்துட்டா, நான் எழுதுனதுன்னு என்ன மிச்சம்?"

உண்மைதான். மற்றதெல்லாம் நான் எழுதியது. நீயாக எழுதிய ஒரே அத்தியாயம், நான் உன்னை நம்பிச் சொன்னது. நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டேன். உன் சாவுக்கும் வரவில்லை. அதற்காக இன்றுவரை வருந்தவில்லை.

பெட்டியோடு பதிப்பாளரின் கடிதமும் இருந்தது. ஆறாம் நாவலை உன் குறிப்புகளைக் கொண்டு, உன் பெயரிலேயே எழுதித்தரக் கேட்டிருந்தார். அந்த அத்தியாயத்தை நீக்கினால் எழுதுகிறேன் என்று போனில் சொன்னேன். வாசகர்களுக்கு அதுதானே உயிர் என்றார். அப்படியானால் வேறு ஆளைப் பாருங்கள் என்று வைத்துவிட்டேன். உன் தலைவி வானத்திலேயே நிற்கட்டும்.

நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ வரவிருந்தது, எனக்கு வந்த வெட்கம், நான் சொன்ன சொல். அம்மா முறத்திலிருந்த அரிசியைப் புடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொஸ்தகத்தைப் படிச்சப்பவே தெரியும்ளா. நீயே சொல்லுவன்னு இருந்தேன்" என்றாள்.

நானே, என் வாயால், என் நாளில் சொல்லியிருக்க வேண்டியது. அந்த நாளைத்தான் நீ எடுத்துக்கொண்டாய். நீ எழுதியதால்தான் இப்போதாவது சொன்னேன் என்று யாராவது சமாதானம் சொல்லலாம். எனக்கு அது வேண்டாம்.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மா கேட்டாள்: "நீ அப்படிச் சொன்னதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சான். என் தலையில ஒரு குட்டு வச்சிட்டுப் போனான்."

"சிரிச்சானா?"

இன்று காலையிலும் அதையே கேட்டாள். சிரித்தான் அம்மா என்றேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.

மாடியில் அன்று உன்னிடம் அவன் சிரித்ததைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் எழுதியிருப்பாய்.