ஏற்றி இறக்கிய தோட்டா

அன்பு மகளே,

உன் போனை மாப்பிள்ளை எடுத்துப் பார்க்கிறாராமே. அதனால்தான் இந்தக் கடிதத்தை அத்தை கையில் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் மாப்பிள்ளை ஹேமின் உங்கள் ஊர் ரானியாவிலிருந்து வந்து, தன் பிஸ்டலை என் துப்பாக்கிப் பட்டறையில் பழுதுபார்க்க வைத்தார். மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு சிக்குகிறதாம்.

"மூணு வருஷமா பெட்டியிலதான் கெடக்கு மாமா. நான் தொட்டதே இல்ல."

"தொடாத சாமான் இப்படித் தேயுமா மாப்ள?"

"உங்களுக்குக் கண்ணு மங்கிடுச்சு மாமா," என்று சிரித்தார்.

அவர் போனதும் பிரித்துப் பார்த்தேன். குழலில் கரியே இல்லை. ஆனால் ஸ்லைடு ஓடும் தடம் தேய்ந்து பளபளத்தது. மேல் தோட்டாவின் விளிம்பெல்லாம் கீறல். அதன் முனை கூட்டுக்குள் அமிழ்ந்திருந்தது. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால்தான் இப்படி ஆகும். எதிரிக்குப் பயந்து செய்திருந்தால் என்னிடம் மறைப்பானேன்? சுடாமல், இத்தனை முறை, யாருக்குக் காட்ட?

நவ்ரோஸ் பண்டிகைக்கு நீ வந்திருந்தபோது நான் பட்டறையில் ஒரு பிஸ்டலின் ஸ்லைடை இழுத்துவிட்டேன். அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவள் நீ. தேநீர்க் குவளையைக் கீழே போட்டுவிட்டாய். "கை வழுக்கிடுச்சு பாபா" என்றாய். நானும் நம்பினேன்.

ஸ்பிரிங் பாக்தாத்திலிருந்து வரவேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அது வராது; பிஸ்டலும் இங்கிருந்து போகாது.

வெள்ளிக்கிழமை அவர் தொழுகைக்குக் கிளம்பியதும் நானும் உன் அண்ணனும் வாசலுக்கு வந்துவிடுவோம். நீ எதையும் விளக்க வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறு.

உன் பாபா