பொறுப்பு: தயாபரன்

மடுல்சீமை,
வியாழக்கிழமை.

அன்பு மகள் சுதர்ஷினிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்குப் பிரஷர் பரவாயில்லை, பதுளை ஆஸ்பத்திரியில் போன கிளினிக்கில் ஒரு மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள். நாள் தவறாமல் போனில் பேசுகிற அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் சொல்லப் பயமாக இருக்கிறது மகள். பத்து நாளாக நான் உன்னிடம் மழை பெய்கிறது, சாப்பிட்டோம் என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவதைக் கவனித்திருப்பாய். வாயால் சொன்னது எங்கேயோ எழுத்தாகிப் போவதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். உன்னைப் போல டோஹாவில் வேலை செய்கிற ஜாபிர் லீவு முடிந்து சனிக்கிழமை புறப்படுகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படிக்கும்போது பதறாதே. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் தேயிலைத் தோட்டத்து ஆபீஸை நீ இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. புதுத் துரை மேனேஜராக வந்த பிறகு ஒவ்வொன்றாக வந்து இறங்கியது. வாசலில் முகம் பார்க்கிற மெஷின், அதற்கு முகத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும், எத்தனை மணிக்கு வந்தோம் போனோம் என்பதை அதுவே கொழும்புக்குச் சொல்லிவிடும். கடிதம் எழுத ஆள் தேவையில்லை, விஷயத்தை நாலு சொல்லில் சொன்னால் கம்ப்யூட்டரே மூன்று மொழியிலும் எழுதிக் கொடுக்கிறது. முப்பத்தொரு வருஷம் கடிதம் எழுதியே பெரிய கிளாக்கரான எனக்கு இனி இங்கே என்ன வேலை என்று அப்போதே உன்னிடம் கேட்டபோது எங்க ஆபீஸ்லயும் இதெல்லாம் இருக்கு அப்பா, பழகிரும் என்று சிரித்தாய். கடைசியாக வந்ததுதான் கூட்டம் நடக்கிற மேசையில் வைக்கிற கருவி. கறுப்பாக, வட்டமாக, சாப்பாட்டுத் தட்டு அளவில் இருக்கும். யார் என்ன பேசினாலும் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்து எழுதி, பேச்சு நின்ற மறு நிமிஷமே கூட்டத்துக்கு வந்த எல்லோருடைய போனுக்கும் அறிக்கையாக அனுப்பிவிடும். கேட்டுக்கொண்டிருக்கும்போது பச்சை விளக்கு எரியும். முதல் வாரம் அது கொழுந்து என்பதைக் குழந்தை என்று எழுதிவிட்டது, நேற்று எண்ணூறு கிலோ குழந்தை பறிக்கப்பட்டது என்று கொழும்புக்கே அறிக்கை போய், என்னோடு வேலை செய்கிற பாக்கியலெட்சுமி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

மேல் டிவிஷன் கங்காணி முருகையாவை உனக்குத் தெரியும். மழை பிடித்த இரண்டாவது வாரம் அவர் ஆபீஸுக்கு வந்து ஒரு கடிதம் கொடுத்தார். எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு, சுவருக்கு அடியில் இருந்து சேற்றுத் தண்ணீர் வருகிறது, இருபத்திரண்டு குடும்பம் இருக்கிறோம், வந்து பார்க்கவும் என்று எழுதியிருந்தது. போனில் எடுத்த படத்தையும் காட்டினார். நான் துரையிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு, நம்ம தேயிலைக்கு சர்டிஃபிகேட் குடுக்க வெளிநாட்டு ஆளுங்க இந்த மாசம் வர்றாங்க கிளாக்கர், அவங்க போகும்வரைக்கும் இது உங்க கிட்டயே இருக்கட்டும் என்றார். நானும் என் மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினேன். ஒன்பது நாள் அது அங்கேயே கிடந்தது. ஒன்பது நாளும் முருகையா ஜன்னல் பக்கம் வந்து பதில் வந்துச்சுங்களா அய்யா என்று கேட்பார், மேல அனுப்பியிருக்கு, வரும் என்று நான் சொல்வேன். கொஸ்லந்தைப் பக்கம் மண் இறங்கி லயங்களை மூடின வருஷம் நாம் மூன்று பேரும் டிவி முன்னால் அழுதது உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் ஞாபகம் இருந்தது. இருந்தும் பூட்டினேன். ரிட்டயராக இரண்டு வருஷம், குவாட்டர்ஸ் போய்விடும், அம்மாவின் கிளினிக், இப்படி எனக்கு நானே நூறு காரணம் சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை மழைக்கால முன்னேற்பாட்டுக் கூட்டம். கொழும்பிலிருந்து இரண்டு பேர், பதுளையிலிருந்து மண்சரிவு, வெள்ளம் பார்க்கிற அனர்த்தப் பிரிவு அதிகாரி விஜிதா என்கிற பெண்பிள்ளை, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. எங்க தோட்டத்துல ஒரு பிரச்சினையும் இல்ல என்று துரை சொன்னார், மெஷின் எழுதிக்கொண்டது. பிறகு எல்லோரும் பங்களாவுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள், நானும் பாக்கியலெட்சுமியும் கோப்புகளை அடுக்கிக்கொண்டு நின்றோம். அவள்தான் கேட்டாள், மேல் லயத்துச் சங்கதிய யாருமே பேசலியேங்க சார் என்று. எனக்கு என்ன வந்ததோ, ஒன்பது நாள் அடைத்து வைத்தது வாயில் வந்துவிட்டது. மலை வெடிச்சுக் கெடக்குது புள்ள, கடுதாசி என் லாச்சிலதான் இருக்கு, தொரை அமுக்கச் சொன்னாரு, நானும் அமுக்கிட்டேன், அந்த இருபத்திரெண்டு குடும்பத்தையும் ஒடனே கீழ எறக்கணும், இல்லாட்டி பொணமாத்தான் எடுக்கணும் என்றேன். சொல்லிவிட்டு மேசையைப் பார்க்கிறேன், பச்சை விளக்கு எரிகிறது. யாரும் அணைக்கவில்லை. பாக்கியலெட்சுமி பாய்ந்து வயரைப் பிடுங்கினாள். அதற்குள் அவள் போனும் என் போனும் ஒன்றாகச் சத்தம் போட்டன. நான் சொன்ன அத்தனையும் ஒரு எழுத்துப் பிழையில்லாமல், தயாபரன், பிரதம எழுதுவினைஞர் என்று என் பேரோடு வந்திருந்தது. அடியில் மெஷினே ஒரு கட்டம் போட்டு, நடவடிக்கை: மேல் டிவிஷன் குடும்பங்களை இடம் மாற்றுதல், பொறுப்பு: தயாபரன், காலம்: உடனடி என்று எழுதியிருந்தது.

துரை பங்களாவில் இருந்து ஓடியே வந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. தோளில் கை போட்டு, கொழுந்தைக் குழந்தைன்னு எழுதின மெஷின்தானே இது, பிழையா எழுதிருச்சுன்னு ஒரு கடிதம் குடுத்துருங்க, உங்களுக்கும் பிரச்சினையில்ல எனக்கும் இல்ல என்றார். கடிதம் தயாராகவே இருந்தது. நான் அப்படி எதுவும் பேசவில்லை, கருவியின் கோளாறு என்று கம்ப்யூட்டர் என் பேரில் எழுதியிருந்தது, நான் எழுதுவதைவிட அழகான தமிழ். கையெழுத்துத்தான் பாக்கி. போட்டுவிட்டேன் மகள். உன் அப்பா அதில் கையெழுத்துப் போட்டான். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. மெஷின் பிழை என்று துரை சொன்னதைக் கேட்டுப் பதுளைக்குப் புறப்பட்டுவிட்ட விஜிதா, கொஞ்ச நேரத்தில் வழியிலிருந்து ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டாள். ஐயா, மெஷின் எழுதினது நீங்கள் சொன்னதோ இல்லையோ, எனக்கு அது மட்டும் தெரிஞ்சால் காணும், பின்னேரத்துக்குள்ள சொல்லுங்கோ என்றாள். துரை எதிரில் நின்றார். பிறகு பேசுறேன் பிள்ளை என்று வைத்துவிட்டேன்.

சாப்பிட வீட்டுக்கு நடந்தேன். மழை கொட்டுகிறது. பாடசாலை விட்டு மேல் லயத்துப் பிள்ளைகள் உரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மலை ஏறுகிறார்கள், அவர்களோடு முருகையா. பாக்கியலெட்சுமி அவர்களிடம் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறாள், கூட்டத்தில் பெரிய கிளாக்கர் நமக்காகப் பேசினார் என்று. அவர் என்னைக் கண்டதும் குடையை மடக்கிவிட்டு மழையிலேயே நின்று கும்பிட்டார். அய்யா, எங்களையெல்லாம் எறக்கணும்னு சொன்னீங்களாமே, நீங்களும் ஒங்க புள்ளையும் நல்லாருக்கணும் என்றார். உன்னையும் சேர்த்து வாழ்த்தியதை நான் எப்படி வாங்கிக்கொள்வேன். சாப்பிடப் போகவில்லை, திரும்பி ஆபீஸுக்கு நடந்தேன். வாசலில் அந்த மெஷின் என்னை உள்ளே விடவில்லை. முகம் பொருந்தவில்லை, முகம் பொருந்தவில்லை என்று மூன்று தரம் சொன்னது. மழைத் தண்ணியோ கண்ணீரோ, லேஞ்சியால் அழுத்தித் துடைத்துவிட்டு நாலாந்தரம் காட்டியபோதுதான் கதவு விட்டது. லாச்சியைத் திறந்து முருகையாவின் கடிதத்தைப் படம் எடுத்தேன், அதை விஜிதாவுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். நான்தான் சொன்னேன் பிள்ளை, மெஷின்ல பிழை இல்ல, ஒன்பது நாளா என்கிட்டதான் இருந்துச்சு என்றேன். சரி ஐயா, நாளைக்கு விடிய வாறம் என்று மட்டும் சொன்னாள்.

சொன்னபடி புதன்கிழமை விடியவே வந்துவிட்டார்கள். மலையில் ஏறி வெடிப்பைப் பார்த்தார்கள், ஒருத்தர் அதில் முழங்கை வரைக்கும் கையை விட்டுக் காட்டினார். பொழுது சாய்வதற்குள் இருபத்திரண்டு குடும்பமும் பாய், பானை, கோழிக்கூட்டோடு பாடசாலைக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெரிய லாரி கல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். லயத்தின் கடைசி ஏழு காம்பரா வீடும் இருந்த இடத்தில் இப்போது வெறும் செம்மண். முருகையாவின் காம்பரா அதில் ஐந்தாவது. இரண்டு ஆடு மட்டும் போய்விட்டது. அன்றைக்கு அம்மா என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

எனக்கு அந்தப் புதன்கிழமையே கடிதம் வந்துவிட்டது, விசாரணை முடியும்வரை வேலையில்லை. வருகிற திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பதுளையில் விசாரணை. துரையையும் கூப்பிட்டிருக்கிறார்கள். என் கையெழுத்தோடு மெஷின் பொய் சொன்னது என்று ஒரு கடிதம் அங்கே இருக்கும், மெஷின் சொன்னது உண்மை என்று நானே சொல்லப்போகிறேன், எந்தத் தயாபரனை நம்புவது என்று கேட்பார்கள். அதற்குக்கூட எனக்கு இவ்வளவு பயம் இல்லை. படுத்தால் ஒன்றே ஒன்றுதான் வருகிறது, அந்த விளக்கை யாராவது அணைத்துவிட்டுப் போயிருந்தால் நான் சொல்லியிருப்பேனா. சொல்லியிருப்பீங்க என்று அம்மா சத்தியம் செய்கிறாள். எனக்குத் தெரியவில்லை மகள். பாடசாலைப் பக்கம் போனால் பெண்கள் எழுந்து நின்று கும்பிடுகிறார்கள், அதைத் தாங்க முடியவில்லை. விசாரணையில் ஊரார் முன்னால் வெளிவருவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று நேற்று முருகையாவை மரத்தடிக்குக் கூட்டிப்போய் லாச்சி, ஒன்பது நாள், மேலே அனுப்பியதாகச் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. மகளோட ரெண்டு புள்ளைங்களும் பின்செவுத்து ஓரமாத்தான் படுக்கும் அய்யா என்றார். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார். இன்று காலை ஆள் அனுப்பியிருந்தார், திங்கட்கிழமை தானும் பதுளைக்கு வந்து சாட்சி சொல்லப்போவதாக. எனக்காகவா எனக்கு எதிராகவா என்று வந்தவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எதைச் சொன்னாலும் அது நியாயம்தான்.

குவாட்டர்ஸை விடச் சொன்னால் பண்டாரவளையில் உன் மாமா வீட்டு மேல் அறை இருக்கிறது, அம்மா பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள், எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே. உன் ஆபீசிலும் எழுதித் தருகிற மெஷின்கள் இருப்பதாகச் சொன்னாய், அது எழுதிக் கொடுக்கிற எதிலும் முழுதாகப் படிக்காமல் உன் பேரைப் போடாதே, அப்பா கேட்டுக்கொள்வது அது ஒன்றுதான். குளிர்காலம் வருகிறது, தலைக்குக் குளித்துவிட்டு ஏசியில் போய் உட்காராதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுசோடு மனநிம்மதியாக இருக்க அப்பாவும் அம்மாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். திங்கட்கிழமை பகல் வரைக்கும் எனக்குப் போன் எடுக்க வேண்டாம், அன்று பின்னேரம் அம்மாவின் போனுக்கு எடு, என்ன நடந்தது என்று நானே என் வாயால் சொல்கிறேன், யார் கேட்டாலும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும்
அப்பா.