இன்னொரு கரண்டி சாம்பார்

அக்டோபர் 29, புதன். மழை விடவில்லை.

எட்டாம் வகுப்புக்கு இன்று ஆங்கில மரபுத்தொடர்கள் நடத்தினேன். எல்லாம் நிலைமை மோசமாகிக்கொண்டே போவதைச் சொல்பவை. 'கோயிங் டவுன்ஹில்', அதாவது மலையிறங்குவது, என்றதும் இந்த மலைப் பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்தது 'ஃப்ரம் பேட் டு வொர்ஸ்'. சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்று வழக்கம்போலக் கேட்டுத் தொலைத்தேன். விடுதியில் தங்கிப் படிக்கும் ஆடலூர் செல்வி எழுந்தாள். விடுதிச் சாப்பாடு மோசத்திலிருந்து படுமோசமாகிவிட்டது என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னாள்.

வாசலில் தாளாளர் நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சர், நீங்களும் ஹாஸ்டல்லதான சாப்பிடுறீங்க? சாப்பாடு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க சார்."

எனக்கு வேலைதான் பெரிது போலிருக்கிறது.

"இங்கிலீஷ்ல நல்லதச் சொல்ற இடியம் ஒண்ணும் இல்லையா? அதச் சொல்லிக் குடுங்க" என்றுவிட்டுப் போனார். செல்வி என்னையே பார்த்தபடி உட்கார்ந்தாள். நான் கரும்பலகையை அழித்தேன்.

இரவு பரிமாறும் முறை அவளுடையது. சாம்பார் வெறும் மஞ்சள் தண்ணீர். என் தட்டில் ஊற்றிவிட்டு அங்கேயே நின்றாள்.

"இன்னொரு கரண்டி ஊத்தவா மிஸ்? நல்லா இருக்குன்னீங்களே."

தட்டை நீட்டினேன்.