அமுக்கட்டுமா என்று கேட்டவர்

புது லேப்டாப் பழுதாகிவிட்டதென்று இன்று அலமாரியிலிருந்து பழையதை எடுத்தேன். இங்கிலீஷ் எழுத்து தெரியாதவர்களுக்காக இரண்டு பொத்தான்களில் நீ ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு அப்படியே இருக்கிறது. இடக்கைக்குச் சிவப்பு, வலக்கைக்குப் பச்சை. நீ மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பொட்டு மட்டும் இருந்தால் போதுமா? எனக்குக் கோபம்தான் வந்தது.

தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிறவர்களுக்கு லேப்டாப்பில் ஒரு சோதனை வைக்கத்தான் உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் நம் இருவரையும் வேலைக்கு எடுத்தார்கள். திரையில் 'நான்', 'சாவு', 'வாழ்க்கை' என்று சொற்கள் வரும். எதை எதோடு சேர்த்து எவ்வளவு வேகமாக அமுக்குகிறார்கள் என்று பார்த்தால், வாய் மறைப்பதை விரல் சொல்லிவிடுமாம். முதலில் உனக்கே வைத்துப் பார்த்தோம். காலையில் 'ஆபத்து அதிகம்' என்று வந்தது. நாஷ்டா முடித்து வந்து உட்கார்ந்தாய், 'ஆபத்து இல்லை'. "அப்போ எனக்கு மருந்து பொங்கலும் வடையுந்தான்டி" என்று சிரித்தாய்.

மாகறலிலிருந்து அந்த அக்கா வந்த அன்று நீ சிரிக்கவில்லை. கழனி வேலை செய்கிறவர். புடவைக்கு மேல் போட்டிருந்த முழுக்கைச் சட்டையை அந்தப் புழுக்கத்திலும் கழற்றவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் நம் முகத்தைப் பார்த்து "அமுக்கட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் அமுக்கினார். அடுத்தவர் பொருளைக் கேட்காமல் தொட்டுப் பழக்கமில்லை. நம் முகத்தைப் பார்த்த நேரத்தையும் அவர் மனசு என்றே எடுத்துக்கொண்டு 'ஆபத்து இல்லை' என்றது இயந்திரம். வீட்டுக்கு அனுப்பச் சொன்னார் அதிகாரி.

நீ போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாய். "யக்கா, உன்னையே நோவடிச்சிக்கணும்னு இன்னும் தோணிக்கினு கீதா?" கேட்டால் தூண்டிவிட்டதாகிவிடுமோ என்று எனக்குப் பதறியது. அக்கா சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "தெனமும்மா" என்றார். டாக்டரைக் கூப்பிட்டோம்.

அதிகாரி குதித்தார். "காலையில ஒரு எடை, மத்தியானம் ஒரு எடை காட்ற தராசுல நீங்க அரிசி வாங்குவீங்களா சார்?" என்றாய். அக்காவைப் போன வாரம் பஸ்ஸில் பார்த்தேன். நன்றாக இருக்கிறார். உன்னைக் கேட்டார். சொன்னதும் அழுதுவிட்டார்.

இன்று சாலவாக்கத்திலிருந்து ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். அவளுக்கும் 'ஆபத்து இல்லை' என்றே வந்தது. டாக்டர் பார்க்க வேண்டியவர்கள் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டு அனுப்பு என்றார் புது அதிகாரி. முடியாது என்றேன்.

"டெஸ்ட்டைவிட உனக்கு அதிகம் தெரியுமா?"

"எனக்குத் தெரியாது சார். அதுக்கும் தெரியாது. தெரிஞ்சவ வெளிய உக்காந்துகினு கீறா. அவளைக் கேக்கலாம்."

வேலை போய்விடும் என்றார். போகட்டும். உன்னைப் போல நிதானமாகக் கேட்க எனக்கு வராது. ஆனாலும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள். கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

உன்னிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த ஒரு கேள்விதான். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவள் பெயர் பட்டியலில்தான் இருக்கிறது. வேண்டுமானால் என் பெயரை எடுத்துக்கொள்ளட்டும்.