விலகியவர்கள் பதினொரு பேர்

அன்பு மகளுக்கு,

உங்கள் நிறுவனத்தின் புதுச் சோதனைக்கூடத் திறப்பு விழா அழைப்பிதழ் வந்தது. இனி ஒவ்வொரு புது மருந்தும் இதயத் துடிப்பைக் கெடுக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுவீர்களாம். “கற்ற பாடம்” என்று பொன்னெழுத்தில் அச்சடித்திருக்கிறீர்கள். யாரிடம் கற்றீர்கள் என்று அதில் இல்லை.

போன மாதம் நீயேதான் சொன்னாய்: “அப்பா, மருந்தைச் சோதிக்கும்போது பதினொரு பேர் மயக்கம் வருதுன்னு பாதியிலேயே நின்னுட்டாங்க. ‘சொந்த விருப்பத்தில் விலகினார்’னு எழுதினோம். எல்லா இடத்துலயும் அப்படித்தாம்பா எழுதுவாங்க.” சொல்லிவிட்டு டீயை ஊதி ஊதிக் குடித்தாய்.

நாற்பது வருடம் வருகைப் பதிவேடு வைத்திருந்தவன் நான். ஒரு பிள்ளை மூன்று நாள் வரவில்லை என்றால் வீடு தேடிப் போய்ப் பார்ப்பேன். வராத பிள்ளையின் பெயரை அடித்துவிட்டால் வகுப்பு நிறைந்துதான் தெரியும். அந்த வித்தையை நான் உனக்குச் சொல்லித்தரவில்லை.

“நம்ம பொண்ணு கம்பெனி மாத்திரைங்க, ஒண்ணும் பண்ணாது” என்று சிரித்துக்கொண்டே கடைசியாக அந்த மருந்தைப் போட்டுக்கொண்டாள் உன் அம்மா. அன்று உள்ளே மயங்கி விழுந்து எழாமலே போனவளுக்காக உடைத்த குளியலறைக் கதவை நான் இன்னும் மாற்றவில்லை.

விழாவுக்கு வரமாட்டேன். அவள் அட்டையில் மீதியிருந்த நான்கு மாத்திரைகளை இத்துடன் வைத்திருக்கிறேன். புதுச் சோதனைக்கூடத்தில் முதலில் இவற்றைச் சோதித்துப் பார். வருவதை அப்படியே எழுது. அந்தப் பதினொரு பேர் ஏன் நின்றார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதி, கையெழுத்துப் போடு.

அந்தத் தாளோடு வீட்டுக்கு வா. உனக்குப் பிடித்ததைச் சமைத்து வைக்கிறேன்.

உன் அப்பா